சாவிக்கொத்தில் ஒரு டோக்கன்

அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் ஊராட்சித் தலைவராக நிற்கப் போகிற, அல்லது வீட்டில் நிற்க வைக்கப் போகிற பெண்களுக்கு,



உங்களில் பாதிப் பேருக்கு நீங்கள்தான் வேட்பாளர் என்பதே இன்னும் தெரியாது. எனக்கும் தெரிந்திருக்கவில்லை. 2019 டிசம்பரில் ஒரு சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் வந்து ஆதார் அட்டையைக் கேட்டார். எதுக்கு என்றேன். "ஊராட்சி பொம்பளைக்கு ஒதுக்கியாச்சு. நீதான் நிக்கிற" என்றார். பாவம், அந்த நாற்காலிக்கு அவர் வெகுநாள் கனவு கண்டவர். 2016-இல் நடக்க வேண்டிய தேர்தல் கோர்ட்டில் நின்றுபோய், மூன்று வருஷத்துக்கு மேல் தனி அலுவலர் ஆட்சி நடந்தபோது பொறுமையாகக் காத்திருந்தார். காத்திருந்த இடத்தில் ஐம்பது சதவீத ஒதுக்கீடு வந்து உட்கார்ந்துகொண்டது. சுவரொட்டியில் கும்பிட்ட கையோடு அவர் படம் ஆளுயரம். என் படம் மூலையில் தபால்தலை அளவு.

ஜெயித்தோம். 2020 ஜனவரி 6-ஆம் தேதி உறுதிமொழி எடுத்தேன். 2025 ஜனவரி 5 வரை, சிவகங்கை மாவட்டத்தில் ஐந்து குக்கிராமங்கள் சேர்ந்த ஒரு சின்ன ஊராட்சிக்குத் தலைவர். தமிழ்நாட்டில் இருக்கிற பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் ஊராட்சிகளில் ஒன்று. பத்திரிகையில் பெயர் வந்ததில்லை, வந்திருந்தால் நல்லதுக்கு வந்திருக்காது.

சட்டம் சொல்லித்தர இந்த மடல் எழுதவில்லை. அதற்குப் பயிற்சி வகுப்பு வைப்பார்கள். மத்தியானச் சாப்பாடும் நன்றாகவே இருக்கும். வகுப்பில் சொல்லாதது ஒன்று உண்டு, ஒரு வாரம் எப்படிப் போகும் என்பது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஊராட்சித் தலைவருக்கு வாரம் மோட்டார் நிற்கிற அன்றைக்குத் தொடங்கும். காலை ஐந்தேகாலுக்குத் தொட்டி ஆபரேட்டர் போன் போடுவார். "அக்கா, மோட்டார் இழுக்கல. உறுமிட்டு நிக்குது." அவ்வளவுதான். எங்களுடையது 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி. அதை நம்பி மூன்று தெருவும் ஒரு பள்ளிக்கூடமும். ராத்திரி கரண்டு குறைவாக வந்திருக்கும், வைண்டிங் கருகியிருக்கும். மெக்கானிக் டவுனிலிருந்து வர வேண்டும். வந்து மூன்று கால் நிறுத்தி, சங்கிலிக் கப்பியை மாட்டி, இருபதடிக் குழாயை ஒவ்வொன்றாகக் கழற்றி மேலே எடுப்பார்கள். எங்கள் போர்வெல்லில் பதினாலு குழாய். கடைசிக் குழாயோடு மோட்டார் வெளியே வரும்போது ஒரு கருகல் வாடை அடிக்கும் பாருங்கள், அதை முகர்ந்தாலே செலவு எவ்வளவு என்று என்னால் சொல்ல முடியும். அதற்குள் குடத்தோடு நாற்பது பேர் சுற்றி நிற்பார்கள். ஒருத்தரும் வைண்டிங்கைத் திட்ட மாட்டார்கள்.

இந்தச் செலவுக்கு முறை என்னவென்றால், ஓவர்சியர் மதிப்பீடு போட வேண்டும், மன்றத்தில் தீர்மானம் வைக்க வேண்டும், வேலை முடிந்து பில் வர வேண்டும், பிறகு பணம். மோட்டாருக்கும் குடத்துக்கும் இந்த முறை தெரியாது. ஆகவே முதலில் தலைவர் கையிலிருந்து போகும். என் இரண்டு பவுன் சங்கிலி முதல் வருஷத்தில் மட்டும் மூன்று தடவை அடகுக்கடைக்குப் போய் வந்தது. யாரும் இதைச் செய்யச் சொல்லிச் சட்டத்தில் எழுதவில்லை; செய்யாமல் அந்த ஊரில் குடியிருக்க முடியாது. இரண்டாம் வருஷம்தான் புத்தி வந்தது. 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே கட்டிப்போட்ட பணம். அதில் மாற்று மோட்டார் ஒன்று வாங்கி அலுவலகத்தில் போட்டு வைத்தேன். "சும்மா கிடக்க ஒரு மோட்டாரா?" என்று மன்றத்தில் கேட்டார்கள். அடுத்த பங்குனியில் பழையது கருகியது. கேட்டவர்தான் புதியதை இறக்கும்போது முதல் ஆளாகக் கயிறு பிடித்தார்.

தண்ணீர் ஏறிவிட்டால் பிரச்சினை முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஜல் ஜீவனில் வீட்டுக்கு வீடு குழாய் வைத்தார்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது கணக்கு. தெருமுனையில் அருவி மாதிரி கொட்டும், கடைசி வீட்டில் குழாய் இருமும். ஏன் என்று தெரிய வேண்டுமானால் விடிகாலையில் தெருவில் செருப்பில்லாமல் நடந்து போங்கள். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ரீங்காரம் கேட்கும். குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள் என்று அர்த்தம். நான் முதன்முதலாகக் கையும் களவுமாகப் பிடித்த வீடு என் சின்ன மாமியார் வீடு. வாளிக்குப் பின்னால் சாக்குப் போட்டு மூடியிருந்தது. "நம்ம வீட்டுப் பிள்ள பிரசண்டா இருந்து எனக்கு என்னத்தா பிரயோசனம்?" என்றார்கள். பதில் சொல்லாமல் மோட்டாரைக் கழற்றி அலுவலகத்துக்குக் கொண்டுபோய் ஒரு வாரம் வைத்தேன். என் மகள் சடங்குக்கு அவர்கள் வரவில்லை. ஆனால் அந்த வாரத்துக்குள் மற்ற ஒன்பது வீட்டில் ரீங்காரம் நின்றுவிட்டது. சொந்தத்தில் முதல் ஆளைப் பிடித்தால்தான் வெளியே இரண்டாவது ஆளைப் பிடிக்க முடியும். அதற்கு வீட்டில் விலை உண்டு.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர் நாள். உங்களை எதிர்த்துத் தோற்றவர் அன்றைக்கு வெள்ளைச் சட்டை போட்டுப் பஸ் ஏறுவார். தெருவிளக்கு எரியவில்லை, சாக்கடை அள்ளவில்லை, தலைவர் கண்டுகொள்ளவில்லை. அந்த மனு ஒரு நம்பரோடு ஒன்றிய அலுவலகம் வந்து, அங்கிருந்து உங்கள் மேஜைக்கு வரும், பதில் எழுதச் சொல்லி. முதல் ஆறு மாதம் எனக்கு ஆத்திரமாக வரும். பிறகு அந்த நம்பரின் மகிமை புரிந்தது. காலனி சுடுகாட்டுப் பாதைக்கு நான் எட்டு மாதம் நேரில் கேட்டும் அளக்க ஆள் வரவில்லை. ஒரு திங்கட்கிழமை, காலனியிலிருந்து நான்கு பெண்களை நானே மனு எழுதிக் கொடுத்து அனுப்பினேன். தலைவர் கவனிக்கவில்லை என்றும் அதில் ஒரு வரி சேர்த்துக்கொண்டேன். ஒன்பதாம் நாள் டேப்போடு ஆள் வந்தார்.

அந்தப் பாதையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் சுடுகாடு இரண்டு. ஒன்றுக்குத் தார்ச்சாலையும் கொட்டகையும் விளக்கும் உண்டு. இன்னொன்றுக்கு வயல் வரப்புதான். மழைக்காலத்தில் பாடையைச் சுமந்தவர்கள் முழங்கால் சேற்றில் இறங்கி நடந்ததை நான் கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து சோறு தின்றிருக்கிறேன். மூன்றாம் வருஷம் 340 மீட்டர் பாதை போட்டோம். என் காலத்தில் செய்ததில் நின்று பார்க்கத் தோன்றுவது அது ஒன்றுதான். அதற்காகக் கிடைத்த ஏச்சை இங்கே எழுத முடியாது.

செவ்வாய், புதன் பெரும்பாலும் ஒன்றிய அலுவலகம். ஆய்வுக் கூட்டம் என்பார்கள். போய்ப் பாருங்கள், உள்ளே நாற்காலியில் வீட்டுக்காரர்களும் மைத்துனர்களும் மகன்களும் உட்கார்ந்திருப்பார்கள். வெளியே வேப்பமரத்தடியில் தலைவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், கையில் தண்ணீர் பாட்டிலோடு. கையெழுத்துக்கு மட்டும் ஒரு குரல் வரும். நானும் அந்த மரத்தடியில் இருந்தவள்தான். நான் பதவிக்கு வந்த அதே 2020-இல், கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் தலைவரைத் தரையில் உட்கார வைத்த படம் நாடு முழுக்க வந்தது. எங்கள் மரத்தடியில் அந்தப் படத்தைப் போனில் கை மாற்றிப் பார்த்தோம். "நமக்கு மட்டும் என்ன, வேருல உக்காந்திருக்கோம்" என்றார் பக்கத்து ஊராட்சித் தலைவரான ஓர் அக்கா. ஒருத்தரும் சிரிக்கவில்லை. எங்களை யாரும் சாதி சொல்லித் தரையில் உட்கார வைக்கவில்லை. அதனால் இரண்டும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் நாற்காலி யாருக்கு என்பதைச் சட்டம் ஒரு விதமாகத் தீர்மானிக்கிறது, கூட்ட அறை வேறு விதமாகத் தீர்மானிக்கிறது.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

ஊராட்சியில் எல்லாம் கடைசியில் கையெழுத்தில் போய் நிற்கும். நீங்கள்தான் ஊராட்சியின் நிர்வாக அதிகாரி. பணம் நகர உங்கள் கையெழுத்தும் துணைத் தலைவர் கையெழுத்தும் வேண்டும். நான் வந்த புதிதில் செக் புத்தகம். செயலர் நல்ல மனிதர், அமைதியானவர். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டு வைத்திருப்பார். "இங்கன, இங்கன, இங்கன தலைவரம்மா." நான் குறியைத்தான் பார்ப்பேன். தீர்மானப் புத்தகத்திலும் அப்படித்தான். மேலே பாதிப் பக்கம் காலியாக இருக்கும், கீழே என் கையெழுத்து. "நீங்க போடுங்கம்மா, மேல நான் எழுதிக்கிறேன்." அந்த வருஷம் கொரோனா. பிளீச்சிங் பவுடரும் கபசுரக் குடிநீருமாக ஓடிக்கொண்டிருந்தோம். மே, ஆகஸ்ட், அக்டோபர் கிராம சபை எதுவும் நடக்கவில்லை. கேட்க ஆளில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை.

பிறகு பணப் பட்டுவாடா கம்ப்யூட்டருக்கு மாறியது. தலைவருக்கு டிஜிட்டல் கையெழுத்து என்று ஒரு டோக்கன் தந்தார்கள். பென்டிரைவ் மாதிரி, சுண்டுவிரல் நீளம். அதைச் சொருகி ரகசிய எண்ணை அடித்தால் நான் கையெழுத்துப் போட்டதாக அர்த்தம். அது என் வீட்டுக்காரர் சட்டைப் பையில் இருந்தது. எண் செயலருக்குத் தெரியும். எனக்கு? நான் கண்மாய்க்கரையில் நூறு நாள் வேலையில், சிக்னல் கிடைக்காமல் போட்டோ ஏறாமல் வெயிலில் நிற்கிற பெண்களுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பேன். அதாவது ஒன்றரை வருஷம், நான் இல்லாமலே நான் கையெழுத்துப் போட்டேன்.

விழித்தது ஒரு பல்பால். தெருவிளக்குக்கு 48 எல்இடி பல்பு மாற்றியதாக ஒரு பில். தற்செயலாகக் கண்ணில் பட்டது. எங்கள் ஊராட்சியில் எந்தக் கம்பத்தில் விளக்கு எரியவில்லை என்று என்னைவிடத் தெரிந்தவர் கிடையாது. ராத்திரி ஒன்பது மணிக்கு எனக்குத்தானே போன் வருகிறது. ஐந்து குக்கிராமத்தையும் டார்ச்சோடு சுற்றினேன். புதுப் பல்பு 31. மிச்சம் 17 எங்கே? செயலரைக் கேட்டேன். கடைக்காரர் தவறு என்றார். கடைக்காரரைக் கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தார். தொகை பெரிதில்லை. ஆனால் தணிக்கைக்காரர் வந்து தடை எழுதும்போது வேறு யார் பெயரையும் எழுத மாட்டார், என் பெயரைத்தான் எழுதுவார். ஊராட்சிச் சட்டம் 205-ஆவது பிரிவில் கலெக்டர் தலைவரை நீக்குவதற்கு வழி இருக்கிறது. தலைவரின் வீட்டுக்காரரை நீக்க எந்தப் பிரிவும் இல்லை.

அன்று ராத்திரி சட்டையைத் துவைக்கப் போடும்போது டோக்கனை எடுத்து என் சாவிக்கொத்தில் கோத்தேன். நெல் குதிர் அறைச் சாவி, பீரோ சாவி, டோக்கன். இடுப்பில் செருகிக்கொண்டேன். மறுநாள் ரகசிய எண்ணை மாற்றினேன். என் மகள்தான் எப்படி என்று சொல்லித்தந்தாள். எண்ணை அவளிடமும் சொல்லவில்லை. வீட்டுக்காரர் இரண்டு நாள் வீட்டில் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் கருவாட்டுக் குழம்பு வாசனைக்கு வந்து உட்கார்ந்தார். அதன் பிறகு பைக்கில் என்னை ஒன்றிய அலுவலகத்தில் இறக்கிவிட்டு அவர் வேப்பமரத்தடியில் உட்காருவார். நிழல் நல்ல நிழல் என்று அவரே ஒரு நாள் சொன்னார்.

டோக்கன் இடுப்புக்கு வந்ததும் எல்லாம் சரியாகிவிடாது. துணைத் தலைவர் என்று ஒருவர் இருக்கிறாரே. பேவர் பிளாக் வேலையைத் தன் மச்சானுக்குத் தரவில்லை என்று எங்கள் துணைத் தலைவர் ஆறு வாரம் தன் டோக்கனை எடுக்கவே இல்லை. தூய்மைக் காவலர்களுக்குச் சம்பளம் போகவில்லை, கரண்டு பில் ஏறியது. சண்டை போட்டுப் பார்த்தேன். நடக்கவில்லை. அக்டோபர் 2 கிராம சபையில் எந்தெந்தச் செலவு எந்தத் தேதியில் யார் கையெழுத்துக்குக் காத்திருக்கிறது என்று பட்டியலை வாசித்தேன். குற்றம் எதுவும் சொல்லவில்லை, தேதியை மட்டும் வாசித்தேன். தூய்மைக் காவலர் ஒரு அம்மா எழுந்து, "எனக்கு ஒன்றரை மாசமா இவருதான் கஞ்சி ஊத்தணும்" என்றார். மறுநாள் டோக்கன் வந்தது.

கிராம சபையைச் சாங்கியமாக நடத்தாதீர்கள் என்று இதனால்தான் சொல்கிறேன். இப்போது வருஷத்துக்கு ஆறு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. 3,000 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 100 பேர் வர வேண்டும், 500-க்குள் என்றால் 50. ஆள் வராவிட்டால் கூட்டம் முடிந்த பிறகு நோட்டை வீடுவீடாகக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்குகிற பழக்கம் உண்டு. அந்த நோட்டை வீட்டு வாசலில் நீட்டினால் உங்கள் துணைத் தலைவரைக் கேள்வி கேட்க ஒருத்தரும் இருக்க மாட்டார்கள்.

பயிற்சி வகுப்பில் உத்திரமேரூர்க் கல்வெட்டைச் சொல்லாமல் விட மாட்டார்கள். பராந்தக சோழன் காலம், குடவோலை, ஆயிரம் வருஷத்துக்கு முன்பே நம்மிடம் தேர்தல் இருந்தது. கைதட்டுவோம். கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவுக்காரரும் நிற்கக் கூடாது என்று அதில் இருக்கிறது, அது எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் கால் வேலிக்கு மேல் நிலம், சொந்த மனையில் வீடு, 35 வயதுக்கு மேல் என்று வரிசையாக நிபந்தனை சொல்லும்போது, மரத்தடியில் உட்கார்ந்த எங்கள் ஒருத்தர் பெயரும் அந்தக் குடத்துக்குள் போயிருக்காதே என்று நினைத்துக்கொள்வேன். ஓடந்துறையையும் சொல்வார்கள். கோயம்புத்தூர் மாவட்டத்து ஊராட்சி, சொந்தமாக 350 கிலோவாட் காற்றாலை வாங்கியது. எங்கள் வீட்டு வரி வசூலில் காற்றாலையின் ஒரு இறக்கை வராது. இருந்தாலும் ஊருக்கு வந்து கரண்டு பில்களை எல்லாம் எடுத்துத் திண்ணையில் பரப்பினேன். நாலு வருஷம் முன்பு தூர்ந்துபோன ஒரு போர்வெல்லின் இணைப்புக்கு இன்னும் பணம் கட்டிக்கொண்டிருந்தோம்.

வியாழன், வெள்ளியைப் பற்றிச் சொல்லப் பெரிதாக இல்லை. பேங்க், வரி வசூல், அங்கன்வாடிக் கூரை, தெரு நாய், வேலியைத் தள்ளிப் போட்டவர் பஞ்சாயத்து. என் காலத்தில் நூறு நாள் கூலி ஏன் ஏறவில்லை என்று தினமும் கேட்டார்கள். அது டெல்லியிலிருந்து வர வேண்டும் என்றால், "ஓட்டு கேட்டு டெல்லியா வந்துச்சு, நீதானே வந்த" என்பார்கள். இதற்குப் பதில் நான் கண்டுபிடிக்கவில்லை.

ஞாயிறு மொய். சிரிக்காதீர்கள், இதுதான் அதிகம் பேரைக் கவிழ்க்கிறது. என் காலம் முடியும்போது தலைவருக்கு மதிப்பூதியம் மாதம் 2,000 ரூபாய்தான். ஆவணியில் ஒரு முகூர்த்த நாளுக்கு ஐந்து பத்திரிகை வரும், எல்லாவற்றிலும் உங்கள் பெயர் "முன்னிலை". காதுகுத்து தனி. துக்க வீட்டுக்கு மாலை தனி. தலைவர் 100 எழுதினால் கேவலம், 1,000 எழுதினால் "எங்கிருந்து வருது இந்தக் காசு?" நான் முதல் வருஷம் 500 எழுதிப் பார்த்தேன். நிலம் விற்க வேண்டி வரும் போலிருந்தது. பிறகு ஒரு கிராம சபையிலேயே எழுந்து சொன்னேன்: இனி எந்த வீட்டு விசேஷத்துக்கும், சொந்தமானாலும் எதிரியானாலும், 101 ரூபாய்தான். முன்னால் உட்கார்ந்திருந்த கிழவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கொஞ்ச நாள் கேலி பேசினார்கள். பிறகு மொய் எழுதுகிறவர் என்னைக் கண்டதும் கேட்காமலே 101 என்று எழுதிவிட்டுத்தான் நிமிர்வார்.

எங்கள் காலம் முடிந்த அன்று டோக்கனைச் சாவிக்கொத்திலிருந்து கழற்றி ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். வளையம் இப்போதும் லேசாகத்தான் இருக்கிறது, சில நேரம் கை தேடுகிறது.

பதவி ஏற்ற மறுநாள் உங்களுக்கு மாலையும் சால்வையும் வந்துகொண்டிருக்கும். போட்டோ எடுப்பார்கள். அதையெல்லாம் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஊராட்சி அலுவலகத்துக்குத் தனியாகப் போங்கள். சுவரோரம் ஒரு பச்சை பீரோ இருக்கும். தீர்மானப் புத்தகம், ரசீதுப் புத்தகங்கள், பில் எல்லாம் அதற்குள்தான். சாவியைக் கேளுங்கள், ஒன்று தருவார்கள். இரண்டாவது சாவியையும் கேளுங்கள். அது எங்கோ தொலைந்துவிட்டது என்பார்கள். டவுனில் புதுப் பூட்டு வாங்கி மாற்றிவிடுங்கள். பூட்டுக்கு ரசீது வாங்க மறந்துவிடாதீர்கள், தணிக்கையில் கேட்பார்கள்.

அன்புடன்,
வேப்பமரத்தடியில் முன்பு உட்கார்ந்திருந்த ஒருத்தி